எந்த ஊர் சிப்பி?

பையனையோ பெண்ணையோ பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்களின் கூட்டம் வருஷா வருஷம் கூடுகிறது. நயாகரா, சுதந்திர தேவி சிலை, பிட்ஸ்பர்க் பெருமாள் எல்லாம் சேவித்து முடித்ததும், பையன் ஆசையாக ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போவான். பெரிய தட்டு நிறைய ஐஸ். அதன்மேல் வாய் பிளந்த பன்னிரண்டு சிப்பிகள்.

"அப்படியே பச்சையா சாப்பிடணும்ப்பா!"

"செத்துப் போச்சாடா?"

"இல்லப்பா, உயிரோடதான் இருக்கு. செத்திருந்தாத்தான் சாப்பிடக் கூடாது."

சைவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டி ஜோக்குகளுக்குப் போய்விடலாம். ஆட்சேபணை இல்லை. மற்றவர்களுக்கு: பையன் சொன்னது நிஜம். பிரான்ஸில் எலுமிச்சம்பழத்தை ஒரு சொட்டு பிழிந்து பார்ப்பார்கள். சிப்பியின் ஓரம் சுருங்கினால் ஆசாமி உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

வெளியூரில் நல்ல சிப்பி தேடும்போது ஓட்டலின் சரவிளக்கையும் சர்வரின் 'போ' டையையும் பார்த்துப் பிரயோஜனமில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி விசாரிக்க வேண்டும். எந்த ஊர்? எப்போது வந்தது? ஜாதகம் இருக்கிறதா?

முதலில் ஊர். அமெரிக்கக் கிழக்குக் கரையில் புளூ பாயிண்ட், வெல்ஃப்ளீட் என்று மெனுவில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். எல்லாம் ஒரே ஜாதிதான். பெயர் மட்டும் வளர்ந்த ஊருடையது. கும்பகோணம் வெற்றிலை, சேலத்து மாம்பழம் மாதிரி ருசி தண்ணீரில் இருக்கிறது. வளர்ந்த சிப்பி ஒன்று, நல்ல நிலைமையில், நாளொன்றுக்கு 190 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும். அந்த நீரின் உப்பும் பாசியும்தான் அதன் சுவை.

அதே காரணத்தால், தண்ணீரில் சாக்கடை கலந்தால் அதையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். பிரான்ஸில் சிப்பி அதிகம் சாப்பிடுவது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில். சரியாக அந்த வாரத்தில், 2023 டிசம்பரில், புகழ்பெற்ற ஆர்க்கஷான் விரிகுடாச் சிப்பிகளின் விற்பனையை அரசாங்கம் தடை செய்தது. நோரோவைரஸ். பெரிய ஊர்ப் பெயர் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது, எப்போது. ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' எழுத்து இருந்தால்தான் சிப்பி சாப்பிடலாம் என்பது பழைய விதி. மே முதல் ஆகஸ்ட் வரை கூடாது. வெயில் காலத்தில் சிப்பி இனப்பெருக்கத்தில் மும்முரமாக இருப்பதால் சதை கொழகொழவென்று இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கிருமியும் பெருகும். இந்த விதியைத் தமிழ் மாதத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். 'ர' வருவது சித்திரை, புரட்டாசி, கார்த்திகை, மார்கழி. புரட்டாசி பெருமாளுக்கு, கார்த்திகை ஐயப்பனுக்கு, மார்கழி திருப்பாவைக்கு என்று போய்விட்டால் மிஞ்சுவது சித்திரை வெயில்தான். நம் முன்னோர்கள் விவரமானவர்கள்.

இப்போது குளிர்பதன வசதி வந்துவிட்டது. விதையில்லாத் தர்ப்பூசணி மாதிரி, இனப்பெருக்கம் செய்யாத சிப்பியையும் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அது கோடையிலும் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் கிருமிக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. கோடையில் குளிர்ந்த கடல் சிப்பியாகக் கேட்பது நல்லது.

மூன்றாவது ஜாதகம். அமெரிக்காவில் ஒவ்வொரு சிப்பி மூட்டையோடும் ஒரு சீட்டு வரும். எந்த நீரில், எந்தத் தேதியில் எடுத்தது, யார் அனுப்பியது எல்லாம் அதில் இருக்கும். மூட்டை காலியான பிறகும் 90 நாள் ஓட்டல்காரர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏன் 90? சிப்பி மூலம் வரக்கூடிய மஞ்சள் காமாலையின் ஒரு வகை தலைகாட்டவே 50 நாள் வரை ஆகலாம். அப்புறமும் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டாமா? "சீட்டைக் காட்ட முடியுமா?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் பெருமையாகவே எடுத்துக் காட்டுவார்.

எங்கே உட்காருவது? சிப்பியைக் கண்ணெதிரே திறக்கிற கவுண்ட்டரில். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் 1913-ல் ஆரம்பித்த ஆய்ஸ்டர் பார் இருக்கிறது. ஓடு பதித்த வளைவுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அன்றைக்கு வந்த ரகங்களின் நீளமான பட்டியலைப் படிப்பதே பாதி விருந்து. பிரான்ஸில் கான்கால் துறைமுகத்தில் இந்த ஆடம்பரமும் கிடையாது. கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் பெட்டிக்கடை வரிசை. வாங்கிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஓட்டைக் கடற்கரையிலேயே வீசிவிடலாம். அலை வாங்கினால் எதிரே சிப்பிப் பாத்திகள் தெரியும். அங்கே 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கே வேலையில்லை. ஒரு விஷயம்: பிரெஞ்சு நம்பர் தலைகீழ். 5 சின்னது, 0 பெரிசு. புதியவர்கள் 3-ல் ஆரம்பிக்கலாம்.

திறப்பவரின் கையைக் கவனியுங்கள். மூடிய சிப்பி இறுக்கமாக இருக்க வேண்டும். பிளந்திருந்தால் தட்டியதும் மூடிக்கொள்ள வேண்டும். மூடாதது காலமானது. உள்ளே தெளிந்த நீர் இருக்க வேண்டும், கடல் வாசனை வர வேண்டும். குழாயில் கழுவிக் கொடுத்தால் ருசியையும் கழுவிவிட்டார் என்று அர்த்தம். ஒரு விமான நிலைய ரெஸ்டாரன்ட்டில், முன்னாலேயே திறந்து வறண்டு கிடந்ததைக் காட்டி, "எந்த ஊர்?" என்றதற்கு "கடல், ஸார்!" என்றார் சர்வர். உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

இனி, சிரிக்காமல் படிக்க வேண்டிய பகுதி. வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு கிருமி உண்டு. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. எலுமிச்சை, மிளகாய் சாஸ், விஸ்கி எதற்கும் சாகாது. ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் வயிற்றோடு போய்விடும். கல்லீரல் கோளாறு, சர்க்கரை வியாதி, எதிர்ப்புசக்திக் குறைவு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கலக்கலாம். இந்தத் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார். சிலர் ஓரிரு நாளிலேயே. 2003-ல் கலிஃபோர்னியா மாநிலம், மெக்ஸிகோ வளைகுடாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எடுக்கும் சிப்பியைக் கிருமி நீக்காமல் விற்கக் கூடாது என்றது. அங்கே இந்தச் சாவுகள் மளமளவென்று குறைந்தன.

நம்மில் வீட்டுக்கு வீடு சர்க்கரை. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, "பையன் ஆசையா வாங்கித் தந்தானே" என்று பச்சைச் சிப்பியை விழுங்காதீர்கள். அதற்காகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். நியூ ஆர்லியன்ஸில் பூண்டும் வெண்ணெயும் சீஸும் போட்டு நெருப்பில் வாட்டித் தருவார்கள். நன்றாக வெந்தால் கிருமிக்கு மோட்சம். நமக்கு அந்தப் பூண்டு வாசனை ஊரை ஞாபகப்படுத்தும்.

முத்து கிடைக்குமா என்று வீட்டம்மா கேட்பார். கிடைக்காது. தூத்துக்குடியில் முத்துக் குளித்த சிப்பியின் குடும்பமே வேறு. இதில் அபூர்வமாக ஏதாவது அகப்பட்டால் சுண்ணாம்புக் கல் மாதிரி இருக்கும். கடித்துவிட்டால் பல் டாக்டருக்குத்தான் லாபம்.

மற்றபடி கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த ஊர், எப்போது வந்தது, சீட்டு எங்கே? கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்கிற சம்பந்தியும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.