2 டி.பி. சும்மா கிடைக்குது, சரி... எப்படி வெளிய வருவீங்க?

2025 ஜூலையில கூகுள் இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு ஆஃபர் விட்டுச்சு, ஞாபகம் இருக்குங்களா? 19,500 ரூபா மதிப்புள்ள ஏ.ஐ. ப்ரோ பிளான் ஒரு வருஷத்துக்கு ஃப்ரீ. கூடவே 2 டி.பி. ஸ்டோரேஜ். சும்மா கிடைச்சா பினாயிலையும் குடிப்போம்னு நம்மளைப் பத்தி ஒரு பேச்சு இருக்கு. 2 டி.பி.யை விடுவாங்களா? சிம்போசியம் வீடியோ, அக்கா கல்யாண ஆல்பம், செமினார் பி.பி.டி.ன்னு எல்லாத்தையும் மேல ஏத்திட்டு, ஃபோனைக் காலி பண்ணிட்டு நிம்மதியா இருக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே நிறைய பேர்.

ஆஃபரை எடுத்தது தப்பே இல்ல. ஆனா அந்த ஒரு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு என்ன ஆகும்? காசு கட்டலைன்னா பழையபடி 15 ஜி.பி.க்கு வந்துருவீங்க. உள்ள இருக்கிறது 200 ஜி.பி.ன்னு வெச்சுக்குவோம். உடனே எதையும் அழிக்க மாட்டாங்க. ஆனா புதுசா ஒரு போட்டோ கூட ஏறாது. அந்த 15 ஜி.பி.யை டிரைவும் போட்டோஸும் மட்டுமில்ல, ஜிமெயிலும் சேர்ந்து பங்கு போட்டுக்குது. அதனால மெயில் வர்றதும் நின்னுரும். பிளேஸ்மெண்ட் சீசன்ல கம்பெனி அனுப்புற ஆஃபர் லெட்டர் இடமில்லைன்னு திரும்பிப் போனா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்குங்க. இப்படி 2 வருஷம் லிமிட்டைத் தாண்டியே இருந்தா, உள்ள இருக்கிறதை அழிக்கலாம்னு அவங்க விதியிலேயே இருக்கு.

அதனால என் கருத்து இதுதான்: ஆன்லைன் பேக்கப் தேர்ந்தெடுக்கும்போது "எத்தனை ஜி.பி. ஃப்ரீ?"ங்கிறது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, "நாளைக்கு இதை விட்டு எப்படி வெளிய வர்றது?"

ஃப்ரீ கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கூகுள் 15 ஜி.பி., ஐகிளவுட் 5, ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2, மெகா 20. ஆனா இந்த நம்பரெல்லாம் அவங்க நினைச்சா மாறும். 2015ல கூகுள் போட்டோஸ் வந்தப்போ, கொஞ்சம் சுருக்கின தரத்துல எத்தனை போட்டோ வேணா ஃப்ரீன்னாங்க. 2021 ஜூன் 1ல இருந்து அது கிடையாது. ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்னாடி கணக்குல சேராம இருந்துச்சு, 2024ல இருந்து அதையும் அந்த 15 ஜி.பி.யிலயே சேர்த்தாச்சு. கம்பெனியைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அது அவங்க வியாபாரம். நம்ம ஃபைலைப் பாத்துக்கிறது நம்ம வேலை.

அடுத்தது காலேஜ் மெயில் ஐடி. இதுலதான் ஃபைனல் இயர் மக்கள் பெருசா அடி வாங்கப் போறாங்க. சோமனூர் பக்கம் ஜாப் ஒர்க் தறி ஓட்டுற வீட்டுப் பசங்களுக்கு நல்லாத் தெரியும்: தறி நம்முது, துணி வேற ஒருத்தருது. காலேஜ் அக்கவுண்ட் அப்படியே தலைகீழ். துணி நம்முது, தறி காலேஜுது. அக்கவுண்டை எப்ப வேணா மூடுற உரிமை அட்மினுக்கு இருக்கு. முன்னாடி கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளவே இல்லாம இடம் கொடுத்துட்டு இருந்துச்சு. 2022 ஜூலையில இருந்து மொத்தக் காலேஜுக்கும் சேர்த்து அடிப்படையா 100 டி.பி.தான். 3,000 பேர் இருக்கிற காலேஜ்ல தலைக்கு 34 ஜி.பி. கூட முழுசா வராது. புது பேட்ச் உள்ள வரணும்னா பழைய பேட்ச் அக்கவுண்ட்ல கை வெச்சுத்தான் ஆகணும். இதுல அட்மினைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

இன்னொரு குழப்பமும் இருக்கு. சிங்க் வேற, பேக்கப் வேற. கூகுள் போட்டோஸ் ஆப்ல "இடம் காலி பண்ணு"ங்கிற ஆப்ஷனைக் கொடுத்தா ஃபோன்ல மட்டும் போகும். அதே ஆப்ல போட்டோவை செலக்ட் பண்ணி டெலீட் கொடுத்தா மேலயும் சேர்ந்தே போயிரும். குப்பைத் தொட்டியில 60 நாள் கிடக்கும், அப்புறம் அவ்வளவுதான். ஐகிளவுட் போட்டோஸும் அதே மாதிரிதான், ஐஃபோன்ல அழிச்சா ஐபேட்லயும் இருக்காது. அங்க 30 நாள்தான் டைம். ஒரு இடத்துல பண்ற தப்பு எல்லா இடத்துக்கும் பரவுச்சுன்னா, அது பேக்கப் இல்லைங்க, கண்ணாடி.

"பெரிய கம்பெனிகிட்ட இருக்கு, என்ன ஆயிரும்?"னு கேக்கறவங்களுக்கு ரெண்டு சம்பவம். 2025 செப்டம்பர் 26ல தென்கொரியாவோட தேஜோன் நகரத்துல அரசாங்க டேட்டா சென்டர்ல தீப்பிடிச்சுச்சு. அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைப் போட்டு வெச்சிருந்த ஜி-டிரைவ், மொத்தம் 858 டி.பி., போயே போச்சு. வேற இடத்துல காப்பி இல்ல. இதுக்கு நேர்மாறா 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல ஒண்ணு நடந்துச்சு. 6 லட்சம் பேருக்கு மேல உறுப்பினரா இருக்கிற யூனிசூப்பர்ங்கிற ஓய்வூதிய நிறுவனத்தோட கூகுள் கிளவுட் அமைப்பு, கூகுள் பக்கம் நடந்த ஒரு செட்டிங் தப்பால மொத்தமா அழிஞ்சு போச்சு. ஒரு வாரத்துக்கு மேல திண்டாடினாங்க. ஆனா வேற ஒரு நிறுவனத்துலயும் பேக்கப் வெச்சிருந்தாங்க. மீண்டு வர அது கை கொடுத்துச்சு. கொரியாவுக்கு இல்லாதது, ஆஸ்திரேலியாவுக்கு இருந்தது, அந்த ரெண்டாவது இடம்தான்.

நமக்கும் அதே கணக்குதான். மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளிய. 3-2-1ன்னு சொல்வாங்க. லேப்டாப், ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட். முடிஞ்சது.

எல்லா ஃபைலுக்கும் இது தேவையில்ல. 10ஆவது, 12ஆவது மார்க்‌ஷீட்டை டிஜிலாக்கர்ல திரும்ப எடுத்துக்கலாம். மினி ப்ராஜெக்ட் கோடை உக்காந்து திரும்ப எழுதிடலாம். ஆனா உங்க அப்பிச்சி தோட்டத்துல நடந்து வர்ற அந்தப் பன்னெண்டு செகண்ட் வீடியோவை, அவரு போன பிறகு எங்க போய் எடுப்பீங்க? திரும்பக் கிடைக்காதது எது எதுன்னு முதல்ல பிரிங்க. பெரும்பாலும் அது 20, 30 ஜி.பி.க்குள்ளதான் வரும்.

சாவியையும் மறந்துராதீங்க. மெகா மாதிரி சேவையில பாஸ்வேர்டையும் ரெக்கவரி கீயையும் சேர்த்துத் தொலைச்சா கம்பெனியே நினைச்சாலும் திறந்து கொடுக்க முடியாது. நம்ம ஃபைலை வேற யாரும் பாக்க முடியாதுங்கிற பாதுகாப்புக்கு நாம கொடுக்கிற விலை அது. கூகுள் அக்கவுண்டுக்கு ஓ.டி.பி. உங்க ஃபோனுக்குத்தான் வரும். அந்த ஃபோனே தொலைஞ்சா? செட்டிங்ஸ்ல 10 பேக்கப் கோட் தருவாங்க. பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவுல வெச்சிருங்க.

வெளிய வர்ற வழியை இப்பவே ஒரு தடவை நடந்து பாத்துருங்க. கூகுள் டேக்அவுட்ல போய் மொத்தத்தையும் கேளுங்க. அவங்க தர்ற டவுன்லோட் லிங்க் சுமார் ஒரு வாரம்தான் வேலை செய்யும். 200 ஜி.பி.யை தினம் 2 ஜி.பி. டேட்டாவுல இறக்கணும்னா 100 நாள். 40 எம்.பி.பி.எஸ். பிராட்பேண்ட்ல நிக்காம ஓடினாலும் 11 மணி நேரம். ரிலீவ் ஆகுற அன்னைக்கு காலையில ஆரம்பிச்சா ஆகாதுங்க. காலேஜ் அக்கவுண்ட்ல இருந்து சொந்த அக்கவுண்டுக்கு நேரா காப்பி பண்ற வசதியும் கூகுள்ல இருக்கு, அட்மின் திறந்து விட்டிருந்தா.

நிர்வாகத்துகிட்டயும் ஒண்ணு கேக்கணும். லைப்ரரி, லேப், ஹாஸ்டல்னு நோ டியூ ஃபார்ம்ல ஒவ்வொரு கையெழுத்தா வாங்குறோம். அதுல இன்னொரு வரி சேருங்க: "மெயில் ஐடி மூடப்படும் தேதி, டேட்டா மாத்தியாச்சா?" அந்தத் தேதியையும் ஏழாவது செமஸ்டர்லயே சொல்லிருங்க. ஒரு ரூபா செலவில்ல. ஃபைனல் இயர் மக்களே, அந்த வரி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த சனிக்கிழமை டேக்அவுட்டைத் தட்டி விடுங்க.