தண்ணீரைத் தாண்டியவர் எல்லாம் புத்திசாலியா?

தமிழில் இரண்டு பழமொழிகள் உண்டு. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது ஒன்று. "முன்வைத்த காலைப் பின்வைக்காதே" என்பது இன்னொன்று. இரண்டுமே காலைப் பற்றித்தான் பேசுகின்றன! எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று மட்டும் இரண்டும் சொல்வதில்லை. அதனால் காரியம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, ஜெயித்தவனுக்கு இரண்டாவதையும் தோற்றவனுக்கு முதலாவதையும் எடுத்து மாட்டிவிடுவது ஊர் வழக்கம்.

இந்த வழக்கம் எவ்வளவு அநியாயமானது என்று பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தின் 13-வது ஹோல். மாஸ்டர்ஸ் போட்டி 1934 முதல் நடப்பது இந்த மைதானத்தில்தான்.

"கோல்ஃபா? அது பணக்காரர்கள் ஆட்டமாச்சே!" என்று ஓடிவிட வேண்டாம். இந்தக் கதைக்குத் தேவையான விதி ஒன்றே ஒன்றுதான்: குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுபவர் ஜெயித்தார். 13-வது ஹோலுக்கு நியாயமான கணக்கு 5 அடி. அதற்குப் பெயர் பார். 4-ல் முடித்தால் பேர்டி, 3-ல் முடித்தால் ஈகிள். 6 ஆனால் போகி, 7 ஆனால் டபுள் போகி.

பாதை இடப்பக்கமாக வளைந்து போகும். அந்த வளைவை ஒட்டியே ஒரு சின்ன ஓடை ஓடிவந்து, குழி இருக்கும் கிரீனுக்கு நேர் முன்னால் குறுக்கே போகிறது. இப்போது ஆட்டக்காரர் முன்னால் இரண்டு வழிகள். இரண்டாவது அடியிலேயே ஓடையைத் தாண்டி கிரீனுக்கு அடிக்கலாம். சரியாகப் போனால் பேர்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஈகிள். தப்பினால் தண்ணீர். அல்லது பந்தை ஓடைக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, மூன்றாவது அடியில் நிதானமாகத் தாண்டலாம்.

ஓடை பெரிதல்ல. ஆனால் அதில் மூழ்கிய கோப்பைகள் நிறைய!

1937-ல் கடைசிச் சுற்றில் ரால்ஃப் குல்டால் முன்னிலையில் இருந்தார். 12-வது, 13-வது ஹோல்களில் அவர் எடுத்தது 5, 6. பின்னால் வந்த பைரன் நெல்சன் அதே இரண்டு ஹோல்களில் எடுத்தது 2, 3. இரண்டே ஹோல்களில் ஆறு அடி வித்தியாசம். நெல்சன் இரண்டு அடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். அவர் பெயரில் அங்கே ஒரு பாலமே இருக்கிறது.

கதை அதோடு முடிந்திருந்தால், "பேராசை பெருநஷ்டம்" என்று குல்டாலுக்கு ஒரு நீதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 1939-ல் அதே குல்டால், அதே 13-ல் மறுபடியும் ஓடையைத் தாண்ட அடித்தார். இந்த முறை ஈகிள். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ் பட்டம். அதே ஆள், அதே ஓடை, அதே துணிச்சல். முதல் தடவை முட்டாளாக இருந்தவர் இரண்டு வருடத்தில் மேதையாகிவிட்டாரா என்ன?

இதைக் கணக்காகப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு பேச்சுக்கு, ஒருவர் பத்து தடவை நிதானமாக ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை 4, ஏழு தடவை 5. மொத்தம் 47. அதே ஆள் பத்து தடவை துணிந்து அடிக்கிறார். இரண்டு தடவை 3, ஐந்து தடவை 4, மூன்று தடவை தண்ணீரில் விழுந்து 6. மொத்தம் 44. ஆக, துணிவதுதான் லாபம். ஆனால் தண்ணீரில் விழுந்த அந்த மூன்று நாட்களிலும் ஊர் அவரை முட்டாள் என்றுதான் சொல்லும். அவர் எடுத்த முடிவோ பத்து நாளும் ஒன்றேதான்.

கர்ட்டிஸ் ஸ்ட்ரேஞ்சுக்கு 1985-ல் இதுதான் நடந்தது. முதல் நாள் 80 அடித்து, கிட்டத்தட்ட மூட்டை கட்டும் நிலைக்குப் போனவர், அடுத்த இரண்டு நாளும் 65, 68 என்று ஆடி மேலே வந்தார். கடைசி நாள் 13-ல் முன்னிலையோடு நின்றவர், துணிந்து அடித்தார். பந்து ஓடையில். போகி. 15-வது ஹோலிலும் துணிந்தார். அங்கேயும் தண்ணீர், அங்கேயும் போகி. பெர்ன்ஹார்ட் லாங்கரிடம் தோற்றது இரண்டு அடி வித்தியாசத்தில். பிறகு 1988, 1989 என்று அடுத்தடுத்து யு.எஸ். ஓப்பன் வென்ற ஆட்டக்காரர் அவர். ஆனாலும் மாஸ்டர்ஸ் என்றால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது அந்தத் தண்ணீர்தான்.

இப்போது 2010-க்கு வாருங்கள். கடைசிச் சுற்று. ஃபில் மிக்கல்சனும் முன்னிலையில்தான் இருந்தார். அவருடைய முதல் அடி பாதையை விட்டு விலகி, பைன் மரங்களுக்கு நடுவே, உதிர்ந்த ஊசியிலைகள்மேல் போய் விழுந்தது. எதிரே இரண்டு மரங்கள், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. குழிக்கு 207 கஜம். நிதானமாக ஆடலாமே என்று அவருடைய கேடி ஜிம் மெக்கே சொல்லிப் பார்த்தார். மிக்கல்சன் கேட்கவில்லை. 6-அயர்ன் மட்டையை எடுத்து அடித்தார். பந்து மரங்களுக்கு நடுவே புகுந்து, ஓடையைத் தாண்டி, குழிக்குச் சில அடி தூரத்தில் போய் நின்றது. அன்றைக்குப் பட்டமும் அவருக்கே. மாஸ்டர்ஸ் வரலாற்றின் மிகச் சிறந்த அடிகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

பலரும் மறந்துவிடும் ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அவ்வளவு அற்புதமாக அடித்துவிட்டு, அந்தச் சின்ன ஈகிள் புட்டை மிக்கல்சன் தவறவிட்டார்! கணக்கில் எழுதியது 4. பந்தை ஓடைக்கு முன்னால் நிறுத்தி, மூன்றாவது அடியைக் குழிக்குப் பக்கத்தில் போட்டிருந்தாலும் அதே 4 கிடைத்திருக்கும். லாப நஷ்டக் கணக்கில் பார்த்தால், உலகமே கொண்டாடும் அந்த அடிக்குத் தனி லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்காக அந்த அடி அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அழகான அடி வேறு, சரியான முடிவு வேறு. முன்னிலையில் இருப்பவர் கொஞ்சம் லாபத்தை விட்டுக்கொடுத்தாவது பெரிய நஷ்டத்தைத் தவிர்க்க வேண்டும். இன்சூரன்ஸுக்குப் பிரீமியம் கட்டுவது மாதிரி. இந்த அளவுகோலை வைத்து ஸ்ட்ரேஞ்சைக் குறை சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதே அளவுகோலை மிக்கல்சனுக்கும் வைக்க வேண்டும். சொல்லப்போனால் மரங்களுக்கு நடுவே நின்ற மிக்கல்சனுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒருவருக்கு வசை, இன்னொருவருக்கு வாழ்த்து என்றால், தீர்ப்பு சொல்வது அறிவு இல்லை, அந்த ஓடை!

"எப்படி ஆடினால் என்ன, கோப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்தானே கெட்டிக்காரர்?" என்று சிலர் கேட்கலாம். கோப்பை கொடுக்க முடிவைத்தான் பார்க்க வேண்டும், சரி. ஆனால் பாடம் கற்க முடிவை மட்டும் பார்த்தால் தப்பான பாடம்தான் கிடைக்கும். அதற்குச் சாட்சி 2025.

ரோரி மெக்கில்ராய். கடைசிச் சுற்றில் 13-ல் வசதியான முன்னிலை. பழைய கதைகளை எல்லாம் கரைத்துக் குடித்தவர் போல, பந்தை ஓடைக்கு முன்னால் அழகாக நிறுத்தினார். மூன்றாவது அடிக்கு மீதி இருந்தது நூறு கஜத்துக்கும் குறைவு. அவருக்கு அது தினசரிப் பயிற்சி மாதிரி. அந்த அடி நேராக ஓடையில் போய் விழுந்தது. டபுள் போகி!

துணிந்தவர் தாண்டினார், ஒதுங்கியவர் மூழ்கினார் என்று யாராவது இதிலிருந்து பாடம் எடுத்தால் எவ்வளவு அபத்தமாக இருக்கும்? மெக்கில்ராயின் முடிவில் தப்பே இல்லை. அடிதான் தப்பிப்போனது. அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. 14-லிலும் ஒரு அடி போனது. 15-வது ஹோலிலும் கிரீனுக்கு முன்னால் தண்ணீர். பயந்து ஒதுங்கியிருக்கலாம். அவரோ 7-அயர்னால் பந்தை மரங்களைச் சுற்றி வளைத்துக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். பேர்டி. பிறகு ஜஸ்டின் ரோஸைப் பிளேஆஃபில் வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ஆறாவது ஆட்டக்காரர் ஆனார்.

பி.காம். படிப்பவர்கள் "சங்க் காஸ்ட்" என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். 13-ல் போனது போனதுதான். அந்த நஷ்டத்தை 15-வது ஹோலின் கணக்கில் அவர் எழுதவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் பட்டம் வென்ற பப்பா வாட்சன், கடைசிச் சுற்றில் 13-ல் முதல் அடியையே மரங்களுக்கு மேலாக 366 கஜம் அடித்தார். அதற்குப் பிறகு ஓடையைத் தாண்டுவது ஒரு பொருட்டே இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் பரிசு மட்டும் கிடைத்தால், அது துணிச்சல் ஆகாது, சம்பளம்! 2023-ல் இந்த ஹோலை 510 கஜத்திலிருந்து 545 கஜமாக நீட்டினார்கள். பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் பழமை என்பது கஜக்கணக்கில் இல்லை. போகலாமா வேண்டாமா என்று ஓர் ஆட்டக்காரர் நின்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருந்தது. அந்த நிமிடம் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே நீட்டியது சரியே.

பரீட்சை, வேலை, பங்குச் சந்தை என்று இருபது வயதுக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஓடை ஓடுகிறது. சொந்தக்காரர்கள் கரையில் நின்று தீர்ப்பு எழுதத் தயாராக இருப்பார்கள். பந்து எங்கே விழுந்தது என்பதை மட்டுமே அவர்கள் பார்ப்பார்கள். அடிப்பதற்கு முன்னால் என்ன தெரிந்திருந்தது, என்ன யோசித்தார் என்பதை அடித்தவர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது தண்ணீரில் விழுந்தால், சிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் தாண்டியிருந்தால் கை தட்டியிருப்பீர்களா?