பெட்டிக்குள் ரயில்

என் பொம்மை எஞ்சினின் அட்டைப்பெட்டி ஓரம் கிழிந்துபோனதற்கு நண்பர் ஒருவர் துக்கம் விசாரித்தார். இனி அது விலைபோகாதாம். விற்கவா வாங்கினேன்? 1938இல் லிவர்பூல்காரர்கள் ஹார்ன்பி டப்ளோவைக் கொண்டுவந்தது 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவதற்கு. பெட்டியோடு ஏலத்துக்கு வந்தால் விலை கூடும், வாஸ்தவம். ஆனால் வருஷக்கணக்கில் ஓடாத எஞ்சினில் எண்ணெய் பிசினாக இறுகிவிடுகிறது. பிற்காலப் பெட்டிகளில் பத்திரத்துக்கென்று வைத்த நுரைப்பஞ்சோ நாளடைவில் நைந்து, பிசுபிசுத்து, எஞ்சினின் வர்ணத்தையே கெடுக்கிறது. காவல்காரனே கன்னம் வைக்கிற சமாச்சாரம். (முதல் பதிப்பைப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கும் நம் இலக்கிய அன்பர்களுக்கும் இது உறைக்கட்டும்.) வீடு மாற்றும்போது பெட்டி வேண்டாமா என்கிறார் நண்பர். வேண்டும்தான். பரணில் கிடக்கட்டும், காலியாக. அவருடைய எஞ்சின் ஓடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அவரும் பார்த்திருக்கமாட்டார்.