எண்ணிப் பாருங்கள்!

நாலைந்து நடுத்தர வயசு ஆசாமிகள். நடுவில் பெரிய மேஜை. மேலே ஓர் அங்குல உயரப் பொம்மைச் சிப்பாய்கள். 1815 ஜூன் 18-ம் தேதி நடந்த வாட்டர்லூ யுத்தத்தை மறுபடி நடத்துகிறார்கள். டேப் வைத்து அளந்து குதிரைப்படையை நகர்த்துகிறார்கள், பகடை உருட்டுகிறார்கள். ஐரோப்பாவில் இப்படியொரு பொழுதுபோக்கு உண்டு. 'யுத்த வெறி' என்று இதைத் திட்டுகிற புண்ணியவான்களும் உண்டு.

நான் அந்தக் கட்சி இல்லை.

பி.காம். படித்த எனக்கு அந்த மேஜை ஒரு பேரேடு மாதிரி தெரிகிறது. பல விதிமுறைகளில் ஒரு பொம்மை என்றால் இருபது, முப்பது நிஜ ஆட்கள். பகடை காலை வாரினால் ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைக்க வேண்டும். காலாட்படைத் துணையில்லாமல் குதிரைப்படையை ஏவினாரே மார்ஷல் நே, அதன் விலை பாடப் புத்தகத்தைவிட இங்கே சீக்கிரம் உறைக்கும்.

1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மை யுத்தத்துக்கு விதிமுறை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், நிஜ யுத்தத்தின் அபத்தம் புரிய இதை ஆடிப் பார்த்தாலே போதும் என்றார். யார் கேட்டார்கள்? மறு வருஷமே முதல் உலகப்போர்.

பகடை உருட்டுகிறவனிடம் எனக்கு பயமில்லை. டி.வி. முன்னால் டீ குடித்தபடி, 'ஒரே போடா போடணும் சார்!' என்கிறோமே, நம்மிடம்தான் பயம். அவனாவது கணக்கு வைத்திருக்கிறான். வாட்டர்லூவில் ஒரே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் மட்டும் சுமார் 50,000 பேர். மேஜையில் விழுந்த பொம்மைகள் ராத்திரி பத்திரமாக டப்பாவுக்குப் போய்விடும்.

அடுத்த முறை 'போர் வேண்டும்' என்று கத்துவதற்கு முன், கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று.