வீட்டுத் தோட்டம்: பாத்தியா, உப்பளமா?

தூத்துக்குடியில் உப்பு விளைவிப்பவர்கள் செய்யும் காரியத்தைச் சற்றுக் கவனியுங்கள். தரையை மட்டமாக்கி, மிதித்துக் கெட்டிப்படுத்தி, சுற்றிலும் வரப்புக் கட்டி, உவர்நீரைத் தேக்குகிறார்கள். அந்த நீர் கீழே இறங்கவும் வழியில்லை. பக்கத்தில் ஓடவும் வழியில்லை. வெயிலில் ஆவியாகி மேலே போவது ஒன்றே அதற்குக் கதி. நீர் போய்விடுகிறது, உப்புத் தங்கிவிடுகிறது. இதற்கும் பாத்தி என்றுதான் பெயர்.

உப்பு வேண்டியவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. ஆனால் இதே ஏற்பாட்டைத் தம் வீட்டு முற்றத்தில் செய்துவிட்டு, அதில் கத்தரியும் மல்லிகையும் தழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர்! சிமெண்டுத் தளத்தின்மேல் நான்கு புறமும் ஓரடி உயரத்துக்குச் செங்கற்சுவர் எழுப்பி, உள்ளும் புறமும் வழவழவென்று பூசி, மண்ணைக் கொட்டி நிரப்புகிறார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. முதல் மாதம் செடியும் செழிக்கிறது. பிறகு இலை நுனி கருகுகிறது. மண்மேல் வெள்ளை பூக்கிறது. செடி வாடுவதைக் கண்டு, நீர் போதவில்லையென்று இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறார்கள். பாவம், அச்செடி நீரில் நின்றுகொண்டே தாகத்தால் சாகிறது.

காரணம் இரண்டு. வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். இது எந்த ஊருக்கும் பொது. இரண்டாவது காரணம் கடற்கரைக்கே உரியது. தாமிரபரணிக் குடிநீரைத் தோட்டத்துக்குச் செலவிட யாருக்கும் மனம் வராது. ஆகவே கிணற்று நீரையே இறைக்கிறோம். அதில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தினம் பத்து லிட்டர் ஊற்றினால், வருஷத்தில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பைப் பாத்தியில் சேர்த்துவிடுகிறோம். செடி நீரை உறிஞ்சும். உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். அது வெளியேற வேண்டுமானால், நீரோடு கரைந்து வடிகால் வழியே போக வேண்டும். வேறு மார்க்கமில்லை. ஆகையால் இக்கரையில் வடிகால் என்பது மழைக்காலத்துக்கு மாத்திரமான பாதுகாப்பல்ல. ஆண்டு முழுவதும் பாத்தியைக் கழுவித் தரும் வாய்க்கால்.

அடியில் கூழாங்கல்லைப் பரப்பிவிட்டால் நீர் தானே வடிந்துவிடும் என்று ஓர் அபிப்பிராயம் எங்கும் பரவியிருக்கிறது. இது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் பருங்கல்லுக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பாகம் முற்றும் நனைந்து ஊறிய பிறகே சொட்டத் தொடங்கும். சந்தேகமிருந்தால், நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி நீர் ஒழுகும். உயரம் கூடினால் வடிவதும் கூடுகிறது. கல்லைப் போட்டு மண்ணின் ஆழத்தைக் குறைப்பதனால், ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வருகிறதேயன்றி வேறு லாபமில்லை. துவாரத்தின் வாயில் மண் அடைக்காதிருக்கக் கைப்பிடி ஓட்டுச் சில்லும், ஒரு துண்டு வலையும் போதும்.

பாத்தி கட்டுமுன் முற்றத்தில் ஒரு குடம் நீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பாருங்கள். பாத்தியின் நீளம் அந்த ஓட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். குறுக்கே கட்டினால் அது அணையாகிவிடும். நீர் வீட்டுப் படி ஏறும். வீட்டுச் சுவரை ஒட்டியும் கட்டலாகாது; சுவரில் ஓதம் ஏறும். கை நுழைந்து துடைக்கும் அளவு இடைவெளி அவசியம். அடித்தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் விடும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். ஆறடி நீளத்துக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். தாழ்ந்த பக்கத்தில் தளத்தோடு தளமாக, ஓரடிக்கு ஒன்றாக, முக்கால் அங்குலத் துவாரங்கள் வையுங்கள். ஓரங்குல உயரத்தில் வைத்தால் அந்த ஓரங்குல நீர் என்றும் தேங்கியே கிடக்கும். மண் நிரப்புமுன் மறுபடி ஒரு குடம் நீர் விட்டுப் பரீட்சை செய்தல் நன்று. நிரப்பிய பின் திருத்துவது பெருஞ்சிரமம்.

கடற்கரை மணலையும் சிப்பி ஓட்டையும் இனாமாகக் கிடைக்கிறதென்று அள்ளிப்போட வேண்டாம். மணலில் உப்பிருக்கும், ஓட்டிலுள்ள சுண்ணாம்போ, மண்ணைக் காரமாக்கி இலையை மஞ்சளிக்கச் செய்யும். தென்னை நார்க் கழிவு நல்லதுதான். ஆனால் அதிலும் உப்புண்டு. இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி, மட்கிய பின்பே சேர்க்க வேண்டும்.

மழை குறைந்த ஊருக்கு இத்தனை ஏற்பாடு எதற்கென்று சிலர் கேட்கலாம். ஆண்டு மழை சுமார் 65 சென்டிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. ஆனால் 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், இம்முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆறடிக்கு மூன்றடிப் பாத்தி ஒன்றின்மேல் மட்டும் விழுந்தது 1,500 லிட்டருக்கு மேல்! குளத்துக்கு மறுகால் இருப்பதுபோல, பாத்தியின் விளிம்புக்கு இரண்டங்குலம் கீழே அகன்ற போக்கு ஒன்று இருத்தல் வேண்டும். அந்நீர் அண்டை வீட்டு முற்றத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே. தேங்கிய நீரில் பத்து நாளுக்குள் டெங்குக் கொசு பிறந்துவிடும். அது வேலியை மதிப்பதில்லை.

மொட்டை மாடியில் பாத்தி கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. மேற்சொன்ன பாத்தியில் ஓரடி ஈரமண் ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். வடியாமல் நீர் நின்றால் இன்னும் கனக்கும். கட்டிடம் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

ஏற்கெனவே வெள்ளை பூத்த பாத்தியைக் கைவிட வேண்டியதில்லை. மேலே படிந்த உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாழ்ந்த பக்கத்தில் துவாரம் போடுங்கள். மண்ணின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு ஆழ நல்ல நீரை மெல்ல மெல்லப் பாய்ச்சினால், உப்பில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்து போய்விடும். மேற்சொன்ன பாத்திக்குச் சுமார் 500 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு நல்ல நீருக்கு எங்கே போவது? வானம் தருகிறது, கிரயமும் இல்லை. ஐப்பசியில் முதல் மழை தொடங்கியதும் பாத்தியை மூடி வைக்காதீர்கள். ஒரு குச்சியை எடுத்துத் துவாரங்களை ஒவ்வொன்றாகக் குத்திவிட்டு, மழையை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்.