குத்திப் பேசுவது ஏன்... ஒதுங்கிப் போவது ஏன்? தம்பதிச் சண்டையைக் கூர்ந்து கேட்ட சூ ஜான்சன்!

"வீட்டுக்கு வந்தா நேரா டி.வி முன்னாடி உட்கார்ந்துடுறீங்க. நான்னு ஒருத்தி இருக்கறதே ஞாபகம் இல்ல!"

"நீ வாயைத் திறந்தா குறைதானே சொல்றே. அதான் நான் பேசறதே இல்ல."

இது எந்த ஊர் தம்பதி? மதுரையாகவும் இருக்கலாம், டொரன்டோவாகவும் இருக்கலாம். ஊரும் மொழியும்தான் மாறும், சண்டை அதேதான். இந்தச் சண்டையைச் சுமார் 40 ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டவர், கனடாவின் உளவியலாளர் சூ ஜான்சன். இன்று உலகம் முழுக்கப் பல தம்பதி ஆலோசகர்கள் பின்பற்றும் 'இஎஃப்டி' (உணர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை) முறையை, தன் பேராசிரியர் லெஸ்லி கிரீன்பெர்குடன் சேர்ந்து உருவாக்கியவர்.

1947-ல் இங்கிலாந்தின் சாத்தம் நகரில் பிறந்தார் சூ. கடற்படைக் கப்பல் தளம் இருந்த ஊர் அது. அப்பா, அம்மா இருவரும் மதுக்கூடம் நடத்தினார்கள். சிரிப்பு, அழுகை, காதல், கைகலப்பு என்று பெரியவர்களின் உலகம் மொத்தமும் அந்தச் சிறுமியின் கண்முன்னே ஓடியது. பெற்றோருக்குள்ளும் ஓயாத சண்டை. ஒருவர் மீது ஒருவர் பாசம் வைத்திருந்தும் அந்த உறவு சிதைந்ததைப் பார்த்தபடியே வளர்ந்தார்.

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு கனடாவுக்குப் போனவர், முதலில் மனப் பாதிப்புள்ள சிறுவர்களுடன் வேலை பார்த்தார். பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியல் ஆய்வு. தம்பதிகளுடன் வேலை செய்யத் தொடங்கியபோது திணறிவிட்டார். குழந்தைகளோடும் தனி ஆட்களோடும் கைகொடுத்த எதுவும் இங்கே செல்லுபடியாகவில்லை.

அப்போதைய தம்பதி ஆலோசனை பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் கணக்கு மாதிரிதான். 'நீ பாத்திரம் கழுவு, நான் குழந்தையைப் பார்த்துக்கறேன்' என ஒப்பந்தம் போடச் சொல்வார்கள், நிதானமாகப் பேசக் கற்றுத் தருவார்கள். வகுப்பில் நன்றாகப் பேசும் தம்பதி, நிஜச் சண்டையில் அத்தனையும் மறந்துபோவார்கள். கோபம் தலைக்கேறும் நேரத்தில் யாருக்குத்தான் பாடம் ஞாபகம் வரும்?

சூ, சிகிச்சையின்போது எடுத்த பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒருவர் குத்திப் பேசுகிறார், மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார். இவர் மூடிக்கொள்ள மூடிக்கொள்ள, அவர் இன்னும் குத்துகிறார். இந்தச் சுழலுக்கு 'எதிர்ப்பு போல்கா' என்று ஒரு நடனத்தின் பெயரையே வைத்தார். குத்துபவரின் உள்ளே இருப்பது, 'நான் உனக்கு முக்கியமா?' என்ற பயம். ஒதுங்குபவரின் உள்ளே, 'என்ன செய்தாலும் நான் தோற்றுத்தான் போகிறேன்' என்ற பயம். இரண்டுமே வெளியே தெரியாது. வெளியே தெரிவது டி.வி சண்டைதான்.

தாயைப் பிரிந்த குழந்தைகள் எப்படித் தவிக்கின்றன என்று ஆராய்ந்தவர், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அதே தவிப்புதான் பெரியவர்களின் காதலிலும் இருக்கிறது என்று சூ சொன்னபோது, துறையில் பலர் ஏற்கவில்லை. வளர்ந்த மனிதன் இன்னொருவரைச் சார்ந்திருப்பதைப் பலவீனமாகவே பார்த்த காலம் அது.

1985-ல் அவரும் கிரீன்பெர்கும் வெளியிட்ட ஆய்வில் 45 தம்பதிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குப் பிரச்னை தீர்க்கும் பயிற்சி, ஒரு குழுவுக்கு இந்தப் புதிய முறை, மூன்றாவது குழு காத்திருப்போர் பட்டியலில். உறவில் நெருக்கம் அதிகம் கூடியது புதிய முறையில்தான்.

ஆலோசனை அறையில் அவர் நீதிபதி இல்லை, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் சொல்ல மாட்டார். குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, எளிய வார்த்தைகளில் கேட்பார். 'அவங்க குரல் உயர்ந்த அந்த நொடியில உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?' என்பது போன்ற கேள்வி. வாயே திறக்காத கணவர், பயந்துபோனதாக முணுமுணுப்பார். 'அதை என்கிட்ட இல்ல, அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க' என்று திருப்பிவிடுவதுதான் இந்தச் சிகிச்சையின் கடினமான கட்டம். பல வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கே அது மலையைப் புரட்டுவது மாதிரி!

2013-ல் வெளியான ஓர் ஆய்வு சுவாரஸ்யமானது. உறவில் திருப்தி இல்லாத பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். சிகிச்சைக்கு முன், துணைவரின் கையைப் பிடித்திருந்தும் மூளையின் பதற்றம் குறையவில்லை. சிகிச்சைக்குப் பின் அதே கையைப் பிடித்தபோது குறைந்தது. ஆய்வாளர் ஜேம்ஸ் கோனுடன் சூவும் இதில் பங்கெடுத்தார்.

2008-ல் அவர் எழுதிய 'ஹோல்டு மீ டைட்' லட்சக்கணக்கில் விற்றது. பிற்காலத்தில் மனச்சோர்வு, பதற்றத்தோடு தனியாக வருபவர்களுக்கும் இதே முறையை விரித்தார். 2024 ஏப்ரலில், 76 வயதில் காலமானார்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அடி, உதை, மிரட்டல் தொடரும் வீட்டுக்கு இந்த முறை பொருந்தாது. மனதைத் திறந்து பேசச் சொல்வதற்கு முதலில் அந்த அறையில் பயம் இருக்கக் கூடாது. அடிவாங்கும் பெண்ணை, 'அவரைப் பார்த்து உன் வலியைச் சொல்' என்று உட்காரவைப்பது ஆபத்து. அங்கே முதல் வேலை அவருடைய பாதுகாப்பு. தம்பதி ஆலோசனை அதற்குப் பிறகுதான்.