கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி



பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வறுத்த கடலையைக் கடித்தபோது கடைவாய்ப்பல்லில் பாதி உடைந்து கையில் வந்துவிட்டதாம். வலி இல்லை. ஆனாலும் வீட்டில், லயத்தில், வேலைக்காட்டில் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: “கழற்றிடு.” அவருக்கு வயது முப்பத்திரண்டு. “வேறு வழியே இல்லையா ஆசிரியர் ஐயா?” என்று கேட்டிருக்கிறார்.

வழி இருக்கிறது தங்கச்சி. அதைச் சொல்வதற்கு முன், நம் தோட்டத்துப் பற்களைப் பற்றி எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஒரு விடயம் உண்டு.

1970-இல், நோர்வே நாட்டவரான பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் பூண்டுலோயாவுக்கு வந்து, டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பல் வைத்தியம் என்பதையே கண்டிராத இளைஞர்கள் அவர்கள். 1985 வரை அந்தக் குழு திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. முரசு நோயைக் கவனிக்காமல் விட்டால் அது எப்படி முற்றும் என்பதை உலகம் படித்தது அந்த வாய்களில்தான். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் வேகமாக முற்றி, நாற்பத்தைந்து வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அதே காலத்தில் ஒஸ்லோவிலும் இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுக்குச் சிறு வயது முதலே வைத்தியம் கிடைத்திருந்தது. 2010-இல் நம் தொழிலாளர்களை மறுபடி தேடிப் போனபோது 75 பேரைப் பார்க்க முடிந்தது. இன்றும் பல் வைத்தியப் பாடநூல்களில் இந்த ஆய்வு பேசப்படுகிறது.

அந்த ஆய்வறிக்கையில் என் மனதை நிறுத்திய செய்தி வேறு. அன்று நம் தொழிலாளர்களிடம் சொத்தைப்பல் அநேகமாக இல்லவே இல்லை. விழுந்த பற்களெல்லாம் முரசு கெட்டு விழுந்தவை. இன்று லயத்துக் கடையில் டொபியும் பிஸ்கட்டும் சோடாவும் தொங்குகின்றன. தேத்தண்ணியில் சீனி கரண்டி கரண்டியாக விழுகிறது. தாத்தாவுக்குப் பல் ஆடி விழுந்தது, பேரப்பிள்ளைக்குச் சொத்தை விழுந்து உடைகிறது.

உடைந்த பல்லைச் சீர்செய்ய நமக்குத் தெரிந்தது ஃபில்லிங். சிறு குழிக்கு அது போதும். பெரிய குழியில், அல்லது பல்லின் மேடே உடைந்துபோன இடத்தில், வாய்க்குள் வைத்து அடைக்கும் பூச்சு நெடுநாள் தாங்குவது கஷ்டம். அங்கேதான் இன்லே, ஒன்லே வருகின்றன. வைத்தியர் சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பல்லின் அச்சை எடுப்பார். அந்த அச்சுக்கு அளவாக ஒரு துண்டை வெளியே செய்து கொண்டுவந்து ஒட்டுவார். கடைவாய்ப்பல்லின் மேடுகளுக்கு நடுவே பொருந்தி உட்கார்ந்தால் இன்லே. மேட்டையும் சேர்த்து மூடினால் ஒன்லே. பல்லைச் சுற்றிலும் அராவி முழுத்தொப்பி போடுவதைவிட இதில் நல்ல பல் அதிகம் மிஞ்சும். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

இதில் நம்மவர்க்கு உறவான ஒரு சங்கதியும் உண்டு. 1907-இல் அமெரிக்காவின் வில்லியம் டகார்ட் என்ற பல் வைத்தியர், மெழுகில் இன்லே செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, மெழுகை எரித்து நீக்கி, அந்த இடத்தில் உருக்கிய தங்கத்தைச் செலுத்தும் முறையை அறிமுகம் செய்தார். தமிழ்நாட்டுச் சுவாமிமலை ஸ்தபதிகள் நடராசர் சிலையை வார்ப்பது இதே வழியில்தான். இன்று பீங்கானிலும் கொம்போசிட்டிலும் செய்கிறார்கள். கணினி பார்த்துக் கடைந்தெடுக்கும் இயந்திரம் சூரிச்சில் 1985-இலேயே முதல் நோயாளிக்குப் பயன்பட்டது.

எல்லாப் பல்லுக்கும் இது சரிவராது. வேர் பிளந்திருந்தால், உடைப்பு முரசுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தால், கழற்றத்தான் வேண்டும். சொத்தை நரம்பைத் தொட்டிருந்தால் முதலில் வேர்ச் சிகிச்சை. முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் அதை ஆற்றாமல் மேலே என்ன வைத்தாலும் பயனில்லை. வெற்றிலையோடு கொட்டைப்பாக்கைக் கடிப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும். பீங்கான் அதைத் தாங்காது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தால் பல்லை விடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள். நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் அவ்வளவு அதிகம்.

கழற்றுவது ஏன் சுலபமாகத் தெரிகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாள் டவுனுக்குப் போனால் ஒரு பேர், அன்றைய கூலி, போகிறது. ஒன்லேக்கு வழக்கமாக இரண்டு முறை போக வேண்டும். தனியார் கிளினிக்கில் செலவும் கூட. அதனால்தான் பேராதனையை நினைவூட்டுகிறேன். அங்கே பல் வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. சேதமான பற்களைச் சீரமைக்கத் தனிப் பிரிவே உண்டு. ஹட்டனில் ரயில் ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை. உங்கள் ஊர் அரச பல் வைத்தியரிடம் அங்கே அனுப்பக் கடிதம் தருவாரா என்று கேளுங்கள். 480 பேர் வாயைத் திறந்து காட்டி உலகத்துக்குப் பாடம் தந்த மண் இது. அந்த மண்ணின் பிள்ளைகள் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

தங்கச்சி, வலி இல்லையே என்று நாள் கடத்தாதீர்கள். அந்தப் பக்கம் கடிக்காமல், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். “கழற்றவா?” என்று கேட்டால், “மிஞ்சின பல்லில் ஒன்லே வைக்க முடியுமா? முடியாதென்றால் ஏன்?” என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது, எத்தனை முறை போக வேண்டியிருந்தது, எவ்வளவு செலவானது என்று எங்களுக்கு எழுதுங்கள். ஏற்கெனவே இந்தச் சிகிச்சை செய்துகொண்ட வாசகர்களும் எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்